'வெளியே வராதீர்கள்' என்கிறது எச்சரிக்கை. உள்ளே இருக்க வீடு எங்கே?

ஐப்பசி பிறந்துவிட்டால் கைப்பேசியில் செய்திகள் வரிசையாக வந்து விழும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அடுத்த நாள் அது தாழ்வு மண்டலம். அதற்கடுத்த நாள் பெயர் வைத்த புயல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் ஏறும். கடைசியில் வருவது எப்போதும் ஒரே அறிவுரைதான்: பொதுமக்கள் வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பாக இருக்கவும், அவசியமின்றி வெளியே வரவேண்டாம்.

இந்த அறிவுரையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கேட்பதற்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அக்கறையாகச் சொல்வதுதான். ஆனால் அதைச் சொல்கிறவர் மனதில் ஒரு வீடு இருக்கிறது. நான்கு சுவர், மேலே கான்கிரீட் தளம், தாழ்ப்பாள் உள்ள கதவு, அடைத்தால் அடைபடும் ஜன்னல். அப்படி ஒரு வீடு இல்லாதவர்களுக்கு இந்த அறிவுரை என்ன சொல்கிறது? நாகப்பட்டினம், திருவாரூர், கடலூர் பக்கத்துக் காலனிகளில் 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்றால், முதலில் பறக்கப்போகிற கூரைக்குக் கீழே போய் உட்காருங்கள் என்றுதான் பொருள்.

இது நம்முடைய மிகைப்படுத்தல் அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டையே எடுத்துப் பாருங்கள். மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது புயல். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். ஒவ்வொரு வகையிலும் என்னென்ன சேதம் எதிர்பார்க்கலாம் என்றும் அந்தத் துறை எழுதிவைத்திருக்கிறது. புயல் என்ற முதல் படியிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது ஓலைக் குடிசை. மரக்கிளை முறிவதும் மின்கம்பி அறுவதும் அதோடு வருகின்றன. அடுத்த படியில் குடிசைக்குப் பெருஞ்சேதம். அதாவது எந்தக் கூரை முதலில் போகும் என்பது அரசுக்குத் தெரியும். புயல் உருவாவதற்கு முன்பே, புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தக் கூரை அங்கேயே இருக்கிறதே, அது எப்படி? இதுதான் எங்கள் கேள்வி.

காற்றின் கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களுக்கு இது கடினமில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் காற்றில் படபடக்கிற கீற்று, 120 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு விசையைத் தாங்கியாக வேண்டும். கூரைக்கு மேலே வேகமாகப் போகிற காற்று அதை மேல்நோக்கி இழுக்கும். சுவருக்கும் கூரைக்கும் இடையே இருக்கிற சந்து வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தூக்கும். மூங்கிலிலும் கயிற்றிலும் நிற்கிற கூரை இந்த இரண்டையும் ஒருசேரத் தாங்காது. கூரை போன பிறகு மழையில் ஊறிய மண்சுவர் விழும். பல நேரங்களில் ஆளைக் கொல்வது காற்றல்ல, சுவர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் ஒரே இரவில் தலைகீழாயின. எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அந்த ஏற்பாட்டை எதிர்க்கட்சித் தலைவர்களும் பாராட்டினார்கள். நாங்களும் குறை சொல்லவில்லை. எச்சரிக்கை இல்லாமல் போயிருந்தால் சாவு எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். 1952ஐயும் 1977ஐயும் கண்ட பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் முகாமுக்குப் போகாதவர்கள் யார், ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

புயல் கடந்த மூன்றாம் நாள் நாங்கள் வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு காலனிக்குப் போனோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே வாழ்கிறவர்கள் இன்றும் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும். சாலையில் விழுந்து கிடந்த மரங்களை ஊர்த்தெரு வரைக்கும் அறுத்துத் தள்ளியிருந்தார்கள். காலனிக்குத் திரும்புகிற இடத்தில் பாதை முடிந்துவிட்டது. அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மரங்களின் மேல் ஏறி இறங்கித்தான் உள்ளே போனோம். நாற்பது வீட்டில் கூரை இருந்தது நான்கைந்துக்குத்தான். அவையும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குடும்பம் நெருக்கியடித்து அந்த இரவைக் கழித்திருக்கிறது.

முகாம் எங்கே போட்டிருந்தார்கள் என்று கேட்டோம். ஊர்த்தெருவில் உள்ள திருமண மண்டபத்தில். காலனியிலிருந்து பத்து நிமிட நடை. அந்த மண்டபத்தில் காலனியைச் சேர்ந்த ஒருவருக்குக்கூட இதுவரை கல்யாணம் நடந்ததில்லை. சாயங்காலம் அதிகாரிகள் வந்து 'எல்லாரும் மண்டபத்துக்கு வந்துடுங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் போகவில்லை. 'வர மறுத்துவிட்டனர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏன்க்கா போகல என்று கேட்டதற்கு, சரிந்த சுவரைக் கையால் அள்ளிக்கொண்டிருந்த ஓர் அக்கா நிமிராமலே சொன்னார்: "காத்து ஒரு ராத்திரி அடிக்கும் தம்பி. அங்க போயி படுத்தா அவங்க பேச்சு வருசம் பூரா அடிக்கும்."

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. 120 கிலோமீட்டர் வேகக் காற்றையும் ஊர்க்காரர்களின் பேச்சையும் எடைபோட்டுப் பார்த்து, காற்றே பரவாயில்லை என்று ஒரு பெண் முடிவெடுக்கிறார். அவருக்குப் புயலைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை என்று சொல்வீர்களா? இரண்டு ஆபத்தையும் அவர் நன்றாக அறிந்தவர். இரண்டாவது ஆபத்துக்கு எந்த அலுவலகமும் எச்சரிக்கை விடுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எழுகிறது. 'புயலுக்குச் சாதி தெரியுமா? இயற்கைப் பேரிடரிலும் சாதியைத் தேடுகிறீர்களே!' உங்கள் கல்லூரி விடுதியிலும் இதைச் சொல்வார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்குச் சாதி தெரியாது. ஊரின் வரைபடத்துக்குத் தெரியும். மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பதைக் காற்று தீர்மானிக்கவில்லை. வடிகால் முடிகிற இடத்தில், வாய்க்கால் கரையில், சுடுகாட்டுப் பாதையில் யார் குடியிருக்க வேண்டும் என்பதை யாரோ என்றோ தீர்மானித்தார்கள். மின்கம்பம் கடைசியாக வந்து சேர்ந்த தெருவுக்கு மின்சாரமும் கடைசியாகத்தான் திரும்பி வரும். தார்ச்சாலை கடைசியாக வந்த தெருவுக்கு நிவாரண வண்டியும் கடைசியாகத்தான் வரும். புயல் புதிதாக ஒரு பாகுபாட்டைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற பாகுபாட்டின் மேல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது, அவ்வளவுதான்.

குடிசை ஏன் குடிசையாகவே இருக்கிறது? வறுமை என்பார்கள். பாதி பதில் அது. மீதிப் பாதி, மனை. காவிரிப்படுகையில் பண்ணையாள்கள் குடியிருந்தது மிராசுதாரின் மனையில். எழுந்துபோ என்றால் எழுந்துபோக வேண்டும். கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட கூலிப் போராட்டம் அது. உயிருக்குப் பயந்து ஓடியவர்களுக்கு ஒளிய கிடைத்த இடமும் ஒரு குடிசைதான் என்பதை மறக்க வேண்டாம். அதற்குப் பிறகு 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அது பெரிய வெற்றிதான். ஆனால் ஐம்பது ஆண்டு கடந்தும் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் கோயில் மனையிலும் பட்டா இல்லாமல் குடியிருக்கிற குடும்பங்களை நீங்கள் எந்தக் காலனியிலும் பார்க்கலாம். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது இன்னொரு நீண்ட கதை.

பட்டா இல்லையென்றால் என்ன ஆகும்? 2030க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று 2024இல் அரசு அறிவித்தது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பிக்கச் சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும். பட்டா இல்லாதவர் குடிசையிலேயே இருப்பார். குடிசையில் இருப்பவரைப் பார்த்துப் புயல் வரும்போது 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்பார்கள். இப்படித்தான் ஒரு வருவாய்த் துறை ஆவணம் ஒரு மனிதரின் உயிரைத் தீர்மானிக்கிறது. ஆகவே தோழர்களே, பட்டா கேட்டு மனு கொடுப்பதும் புயல் பாதுகாப்பு வேலைதான்.

கஜா இரவில் நடந்த ஒரு சாவைப் பற்றியும் பேசியாக வேண்டும். பட்டுக்கோட்டைக்கு அருகே, பூப்பெய்தியதற்காக வீட்டை விட்டு ஒதுக்கி ஒரு குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி, அந்தக் குடிசை மேல் தென்னை மரம் விழுந்து இறந்தாள். வெளியே வராதே என்கிற எச்சரிக்கை அவளுக்குப் பொருந்தவில்லை, உள்ளே வராதே என்கிற வழக்கம் முந்திக்கொண்டது. தீட்டு என்கிற ஒரே சொல்தான் சேரியை ஊருக்கு வெளியே வைக்கிறது, பெண்ணை வீட்டுக்கு வெளியே வைக்கிறது. இதைச் சொல்லும்போது நம் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நம் தெருவிலும் மாதத்தில் மூன்று நாள் தாழ்வாரத்தில் படுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் நமக்கு இடம் கேட்கிற நாம், நம் வீட்டுக்குள் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறோமா?

புயல் கடந்த பிறகு நடப்பது நிவாரணக் கணக்கு. அது எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். எதை இழந்தாய் என்று கேட்பார்கள். இழந்ததைக் காட்ட ஏதாவது சொந்தமாக இருந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை கடற்கரையில் இதைக் கண்ணால் கண்டோம். படகும் வலையும் இழந்தவர்கள் பட்டியலில் வந்தார்கள். அவர்கள் பட்ட துயரம் சொல்லி முடியாதது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கரையில் மீன் சுமந்தவர்கள், கருவாடு வாங்கி விற்றவர்கள், உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போனவர்கள் பலர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கடல் அவர்கள் வேலையையும் கொண்டுபோனது. ஆனால் வேலைக்கு ரசீது இல்லையே! முகாம்களில் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

கஜாவிலும் அதே கணக்குதான். விழுந்த தென்னைக்கு, அகற்றும் செலவும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். முழுவதும் போன குடிசைக்கு 10,000 ரூபாய். பகுதி சேதமென்றால் 4,100. தென்னை விவசாயிக்குக் கொடுத்தது அதிகம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் ஒரே இரவில் சாய்ந்ததைப் பார்த்து அழுதவர்களோடு நாங்களும் நின்றோம். அவர்களுக்குக் கிடைத்ததும் போதாதுதான். எங்கள் கேள்வி வேறு. அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவருக்கு எவ்வளவு? மட்டை உரித்தவருக்கு? தோப்பில் விழுந்த மட்டையைப் பொறுக்கிக் கீற்று முடைந்து விற்ற பாட்டிக்கு? மரம் மறுபடி காய்க்க ஆறேழு வருடமாகும். அத்தனை வருடம் அவர்களுக்கும் வேலை இல்லை. அதற்கு ஒரு பத்தி அந்தப் படிவத்தில் கிடையாது. பறந்துபோன கூரையை மறுபடி வேயக் கீற்றும் இல்லை, கீற்று தந்த மரமே போய்விட்டது. தார்ப்பாய்க்குக் கீழே மார்கழிப் பனியைக் கழித்த குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

குடிசைக்குப் பத்தாயிரம் என்பதும் ஒரு தந்திரம்தான். அந்தப் பணத்தில் மறுபடியும் ஒரு குடிசைதான் போட முடியும். அடுத்த புயலுக்குத் தயாராக, அதே இடத்தில், அதே கூரை.

அடுத்து, துப்புரவு. புயல் ஓய்ந்ததும் 'மீட்புப் பணி மும்முரம்' என்று படம் வரும். செத்த மாடுகளையும் ஆடுகளையும் அகற்றுவது யார்? அடைத்துக்கொண்ட சாக்கடையில் இறங்குவது யார்? சுனாமியில் அழுகிய உடல்களை எடுக்க வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கையுறை இல்லாமல், முகக்கவசம் இல்லாமல் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று நாம் சொல்லத் தேவையில்லை. தன் வீட்டுக் கூரை பறந்து கிடக்க, நகரத்தின் குப்பையை அள்ளப் போகிறவருக்கு அந்த நாளில் விடுப்பு உண்டா? அவர் குடும்பத்தை முகாமில் சேர்த்தது யார்? 'எல்லாரும் வீட்டில் இருங்கள்' என்று சொன்ன நாளிலும் வெளியே அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்.

எச்சரிக்கையைச் சுமந்து திரிந்ததும் நாம்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கைப்பேசியும் வானொலியும் வருவதற்கு முன்பு ஊருக்குச் சேதி சொன்னது தண்டோரா. மழையில் நனைந்து, தெருத் தெருவாக நின்று, பறையடித்துப் 'புயல் வருதுங்க சாமியோவ்' என்று சொன்னவர் சொல்லிவிட்டுத் திரும்பியது எந்தக் கூரைக்கு? 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி வந்து எத்தனை காலத்துக்குப் பிறகு!

சரி, என்ன செய்வது? எச்சரிக்கையை அலட்சியப்படுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. நேர்மாறாக, எச்சரிக்கையை மற்ற எல்லாரையும்விட நாம்தான் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மானம் பெரிதுதான். ஆனால் மானத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கச் சொல்கிற ஏற்பாட்டை ஏற்கக் கூடாது. மண்டபம் அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தல்ல, புயல் இரவில் அது அரசு முகாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. முகாம் வாசலில் தடுத்தால், தண்ணீர்க் குழாயில் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. இதைத் தெரிந்துகொண்டு, தனித்தனியாக அல்ல, காலனியே திரண்டு போங்கள். ஐந்து பேர் போனால் மூலையில் உட்கார வைப்பார்கள். நூறு பேர் போனால் பாயை நாமே விரித்துக்கொள்ளலாம்.

புயலுக்கு முன்பு, பகலிலேயே, செய்ய வேண்டியவை சில:

48 மணி நேரத்துக்கு முன்பே புயல் பற்றிய எச்சரிக்கை வந்துவிடும். 24 மணி நேரத்துக்கு முன்பு அடுத்தது. கரையைக் கடக்கிற நேரம் இரவு என்றால் இருட்டுவதற்கு முன்பு எல்லாரும் இடம் மாறிவிட வேண்டும். காற்று ஏறிய பிறகு கைக்குழந்தையோடு சாலையில் நடப்பது வீட்டில் இருப்பதைவிட ஆபத்து.

நிறைமாதக் கர்ப்பிணி, படுத்த படுக்கையாக இருப்பவர், நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி யார் யார் என்று தெருவாரியாகப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு இளைஞர் பொறுப்பு.

குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டி உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டையும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். 'முழுச் சேதமா, பகுதிச் சேதமா' என்று அதிகாரி கேட்கும்போது அந்தப் படம் பேசும்.

ஆடு மாடு இருப்பவர்கள் அதை விட்டு வர மாட்டார்கள். அது அவர்களின் ஒரே சேமிப்பு. திட்டுவதால் பயனில்லை. மேட்டில் ஓர் இடம் பார்த்து வையுங்கள். முடியவில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிப்போட்ட மாடுதான் சாகும்.

புயலின் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். புயல் முடிந்தது என்று நினைத்துக் கூரையைப் பார்க்க ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாம் காற்றில்தான் விழும். புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை ஒருவரையும் வெளியே விடாதீர்கள்.

விடிந்ததும் அறுந்து கிடக்கிற கம்பியைத் தொடவேண்டாம், தண்ணீர் தேங்கிய இடத்தில் கால் வைக்கவேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. அழைத்த நேரத்தையும் பதில் சொன்னவர் என்ன சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். பின்னால் அதுதான் சான்று.

இவை அன்றைக்கு உயிரைக் காப்பாற்றும். ஆனால் நமது வேலை அங்கே முடியவில்லை, அங்கே தொடங்கவுமில்லை. அது அக்டோபர் 2 அன்று தொடங்க வேண்டும். பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிற கிராமசபை அது. அன்று எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊராட்சியின் புயல் முகாம் எது? காலனியிலிருந்து அது எவ்வளவு தூரம், வழியில் வெள்ளம் நிற்குமா? பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? முகாமின் சாவி யாரிடம் இருக்கிறது? காலனியில் எத்தனை குடிசை, அதில் எத்தனைக்குப் பட்டா இல்லை? தொகுப்பு வீடுகளின் தளத்தை எப்போது பழுது பார்ப்பீர்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே கேள்விகளை அனுப்புங்கள். பள்ளிக்கூடம் காலனிக்கு அருகே இருந்தால் மண்டபத்துக்குப் பதிலாக அதை முகாமாக்கக் கேளுங்கள். ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். 'உங்களுக்குத் தனி முகாம்' என்று தந்திரமாகச் சொல்வார்கள். பக்கத்தில் வேண்டும் என்பது வேறு, ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது வேறு. பொது முகாமில் நமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்தக் காலனிக்கு நாங்கள் போனது மூன்றாம் நாள். அரிசி கொண்டுபோனோம், பாய் கொண்டுபோனோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். கிளம்பும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "இவ்வளவு பேரு வந்திருக்கீங்களே, மொத நாளு சாயங்காலம் வந்து எங்ககூட அந்த மண்டபத்துக்கு நடந்து வந்திருந்தா ஆவாதா?"

எங்களிடம் பதில் இல்லை. புயலுக்குப் பிறகு நிவாரணத்தோடு போவது சுலபம். புயலுக்கு முன்பு, மழை தூற ஆரம்பித்த அந்தச் சாயங்காலத்தில், காலனி மக்களோடு சேர்ந்து ஊர்த்தெரு வழியாக நடந்துபோய் அந்த மண்டபக் கதவைத் திறக்கச் சொல்வதுதான் கடினம். இயக்கம் என்று சொல்லிக்கொள்கிற நாம் அதைச் செய்யவில்லை.

அடுத்த சிவப்பு எச்சரிக்கை வரத்தான் போகிறது. அதற்கும் ஒரு பெயர் இருக்கும், ஒரு நேரம் இருக்கும், 48 மணி நேர அவகாசம் இருக்கும். அந்த 48 மணி நேரத்தில் நீங்கள் எந்தக் காலனியில் நிற்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

ஜெய்பீம்.